வலது கை கறுத்த கதை

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய பேச்சு கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் பற்றி. காரில் போய்க்கொண்டே இதைக் கேட்பவர்கள், வண்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் என்றால் வலது கை ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்திருக்கலாம். வீட்டில் கேட்பவர்கள் அப்புறமாகப் பாருங்கள், அவசரமில்லை.

என் கையில் இதைக் கண்டுபிடித்தது என் அம்மா. கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்திருந்தாள். எங்கள் காலனிப் பூங்கா வேலியில் மருதாணி பறித்து, அரைத்து, என் இரண்டு கைகளையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மருதாணியை மறந்துவிட்டுக் கேட்டாள்: “ஏண்டி, ரெண்டும் ஒரே ஆள் கைதானா?”

நான் அப்போது ஆர்.கே. புரத்தில் குடியிருந்தேன். கரோல் பாக் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தில்லி வரைபடம் மனதில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆர்.கே. புரத்துக்குக் கரோல் பாக் வடக்கே. காலையில் வடக்கு நோக்கிப் போவேன், சூரியன் கிழக்கே, அதாவது என் வலது பக்கம். மத்தியானம் பள்ளி விட்டுத் தெற்கு நோக்கித் திரும்புவேன், சூரியன் அதற்குள் மேற்கே போயிருக்கும், அதுவும் என் வலது பக்கம்! போகும்போதும் வலது, வரும்போதும் வலது. இருபது வருஷம். பாதை தலைகீழாக இருந்திருந்தால் என்னோடு பக்கத்து இருக்கையில் வந்த கணக்கு டீச்சருக்கு இடது கை கறுத்திருக்கும்.

“கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே ஓட்டுகிறாய்?” என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. இயற்பியல் டீச்சரான எனக்கே அது முன்னால் தோன்றியிருக்க வேண்டும். புற ஊதாக் கதிரில் தோலை உடனே சிவக்கவைக்கும் வகையைச் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் நிறுத்திவிடும். ஆனால் மெதுவாகத் தோலைக் கறுக்கவைத்துச் சுருக்கம் விழவைக்கும் யு.வி. ஏ என்ற வகையில் ஒரு பகுதி பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். முன் கண்ணாடி அப்படியில்லை. அது இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது. அந்த ஏடு யு.வி. ஏவை அநேகமாக முழுக்க வடிகட்டிவிடும். அதனால்தான் நேர் எதிரே வெயில் அடித்தாலும் மூக்கு தப்பித்தது, பக்கவாட்டில் இருந்த கை மாட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் மேல் எனக்கு ஒரு பித்து. கூலிங் ஃபிலிம், சன் ஃபிலிம், கூலிங் பேப்பர், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது உண்மையில் ஒரே விஷயம்தான். இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் அப்படித்தான்.

மே மாதம், வெளியே 45 டிகிரி, முகத்தில் லூ என்கிற அனல்காற்று அடிக்கிறது. கடைக்குப் போகிறவர் என்ன கேட்கிறார்? “நல்லா டார்க்கா ஒட்டுப்பா.” கறுப்பாக இருந்தால் நிழல், நிழல் என்றால் குளுமை என்று மனது கணக்குப் போடுகிறது. மாமரத்தடியில் உட்கார்ந்து வளர்ந்த மனது அது. ஆனால் தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்க்கிறோம்? தொடாமல், உள்ளங்கையை மேலே காட்டிப் பார்க்கிறோம். கல் வெளிச்சமா விடுகிறது? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைக்குத் தெரியும். அதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர். சூரியனிடமிருந்து நமக்கு வந்து சேரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். புற ஊதா மிகச் சின்னப் பங்கு, 5 சதவீதம்கூட வராது. தோலைக் கெடுப்பது அந்தச் சின்னப் பங்கு. வண்டியைச் சூடாக்குவதில் பாதி தோசைக்கல் பங்கு.

மலிவான கறுப்பு ஃபிலிம் என்பது சாயம் ஏற்றிய பிளாஸ்டிக். அது தடுப்பது முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை. அதாவது உங்களுக்கு ரோடு தெரிவதைக் குறைக்கிறது, தோசைக்கல் பங்கைப் பெரிதாகத் தொடுவதில்லை. சில வருஷத்தில் சாயம் வெளிறிக் கத்தரிப்பூ நிறமாகி, கொப்புளம் வேறு கிளம்பும். பழைய வண்டிகளின் பின் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். செராமிக் என்று விற்கும் நல்ல ஃபிலிம் பார்க்க ஏறக்குறைய வெறும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனால் அகச்சிவப்பை நன்றாக மறிக்கும். புற ஊதாவைத் தடுக்கவும் கறுப்பு தேவையே இல்லை. தெளிந்த ஃபிலிமே 99 சதவீதம் தடுத்துவிடும். ஆகவே இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. நடுவில் உலோகப் பூச்சுள்ள ஒரு வகையும் உண்டு. வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், கூடவே ரேடியோ அலையையும். முன் கண்ணாடியில் அதை ஒட்டினால் ஃபாஸ்டேக்கைச் சுங்கச்சாவடி எந்திரம் படிக்கத் தடுமாறும், பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார்.

கரோல் பாக் கடைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கார் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் என்பது தில்லிக்காரர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கடையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே சிவப்பு விளக்கு. முழங்கால் வலிக்கு பிசியோதெரபியில் காட்டுவார்களே, அதே விளக்கு. பெட்டியின் வாயில் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகலாம். கடைக்காரர் முதலில் வெறும் கண்ணாடியைச் செருகி என் கையைக் காட்டச் சொன்னார். சுட்டது. கறுப்பு ஃபிலிம் ஒட்டியதைச் செருகினார். பெரிய வித்தியாசமில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னதையே அவரும் காட்டுகிறார், எனக்குச் சந்தோஷம். மூன்றாவதாக விலை உயர்ந்த துண்டு. கை ஜில்லென்று இருந்தது. “97 பர்சென்ட், மேடம்ஜி” என்றார்.

நான் விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் எரியட்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் தில்லிக்காரர், சாய் வரவழைத்தார். சாய் முடிந்ததும் மறுபடி கையைக் காட்டினேன். ஜில் போய்விட்டது, வெதுவெதுப்பு. கண்ணாடியைத் தொட்டார், விரலை உதறினார். என்ன நடந்தது? அந்த ஃபிலிம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பவில்லை, குடித்துவிட்டது. குடித்த வெப்பத்தில் கண்ணாடி காய்ந்து, வெளியே பாதி உள்ளே பாதி என்று கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தது. ஓடுகிற வண்டியில் வெளிக்காற்று கண்ணாடியை ஆற்றிக்கொண்டே வரும், பெரும்பங்கு வெளியே போய்விடும். ஐ.டி.ஓ. சிக்னலில் நிற்கிற வண்டிக்கு அந்த உதவி கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அந்த விளக்கு விடுவது பெரும்பாலும் அகச்சிவப்புதான், சூரியன் அப்படியில்லை என்று இப்போதுதான் சொன்னேன். அகச்சிவப்பை மட்டும் தடுப்பதில் கெட்டிக்கார ஃபிலிம் அந்த விளக்குக்கு முன்னால் சூரனாகத் தெரியும், சூரியனுக்கு முன்னால் அவ்வளவு இராது. அந்த 97 என்ற எண்ணும் பெரும்பாலும் அகச்சிவப்பில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் அளந்தது. நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு. மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு வெளியே நிற்கிறது? கடை மொழியில் டி.எஸ்.இ.ஆர். அவர் அட்டையைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் கண்டுபிடித்தார், 50ஐ ஒட்டி இருந்தது. மோசமில்லை. வெளிச்சம் நன்றாக விடும் ஃபிலிமுக்கு அது நல்ல எண்தான். ஆனால் 97 இல்லையே! “இதை இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. அவரிடமே வாங்கினேன்.

சரி, சட்டம். இதில் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது, அதுதான் முக்கியம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 100: முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையாவது விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் எந்த அளவு ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பட்டியலில் இயற்பியல் டீச்சர் இல்லை. அந்த மே மாதம் நானே பால்கனியிலிருந்து வயர் இழுத்து, ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி ஃபிலிமை உரித்தேன். பின் கண்ணாடியில் பசை போகவில்லை என்று பிளேடால் சுரண்டினேன். அங்கே படுக்கைவசத்தில் கோடு கோடாக ஓடுமே, பனியை நீக்கும் டீஃபாகர் கம்பிகள், அதில் நாலு கோடு போயிற்று. ஜனவரி மூடுபனியில் அதன் அருமை தெரிந்தது.

அப்புறம் விதி மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல் பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியும் விதிக்குள் வந்தது. 70, 50 என்ற அதே வரம்புக்குள் ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. கேரளத்தில் சொன்ன தீர்ப்பை ரிங் ரோட்டில் நிற்கும் காவலர் ஏற்றுக்கொள்வாரா என்பது அவரவர் பாடு. பில், தரச் சான்று இரண்டையும் வண்டியில் வையுங்கள்.

இப்போது பெருக்கல். “50 சதவீத ஃபிலிம், பக்கக் கண்ணாடிக்குச் சட்டப்படி சரி” என்று கடையில் சொல்வார்கள். சரியில்லை. உங்கள் கண்ணாடியே லேசான பச்சை, அதுவே நூற்றில் 80 அளவுதான் விடும். அந்த 80இல் பாதியை ஃபிலிம் விட்டால் 40. வரம்பு 50, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். 70 சதவீத ஃபிலிம் என்றால் 80இல் எழுபது சதவீதம், 56. தப்பித்தீர்கள். முன் கண்ணாடியில் இதே கணக்கைப் போட்டால் எவ்வளவு தெளிந்த ஃபிலிமும் 70ஐ ஒட்டியே வந்து நிற்கும். நான் முன் கண்ணாடியைத் தொடுவதில்லை. புற ஊதாவை அதுவே பார்த்துக்கொள்கிறது. தில்லிக் குளிர்கால இரவில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டாம்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தான். ஒட்டும் விதத்துக்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன்!

வேகமாகச் சொல்கிறேன். நடைபாதையில் நிறுத்தி ஒட்ட விடாதீர்கள். தில்லிப் புழுதி ஒரு துகள் உள்ளே போனாலும் அது வாழ்நாள் புள்ளி. மூடிய கொட்டகை, வடிகட்டிய தண்ணீர், அதில் துளி ஷாம்பு, அதுதான் முறை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஃபிலிமை விரித்து அளவு வெட்டி, உள்பக்கம் ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு உள்பக்கம் வைத்தே பிளேடு ஓட்டினால் கண்ணாடியில் கீறல் விழும், பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கடைசியில் மேல் விளிம்பைச் சோதியுங்கள், கண்ணாடியின் வளைவோடு நூல் பிடித்த மாதிரி போக வேண்டும். அதன் பிறகு நாலு நாள் கண்ணாடியை இறக்கவே கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே தண்ணீர்த் திட்டு தெரிந்தால் பயம் வேண்டாம், சில வாரத்தில் காய்ந்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடி திரவத்தால் துடைக்காதீர்கள், பசையும் சாயமும் கெடும்.

நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய வண்டிக்கு ஃபிலிம் அதிகம் உதவாது, உள்ளே 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஏறியதும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏ.சி. போடுங்கள். புது ஃபிலிம் என்றால் அந்த நாலு நாள் கதவைத் திறந்து வையுங்கள்.

பழைய ஃபிலிமை உரிப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை. பின் கண்ணாடியில் மட்டும் பிளேடு வைக்காதீர்கள். வணக்கம்.