கோவலனைக் கொன்றது யார்?

[திரையில்: கொழும்பு செட்டியார் தெரு, நகைக்கடைகள்]

வணக்கம். முன்பின் தெரியாத ஒருவர் ஒற்றைக் கொலுசோடு செட்டியார் தெருவுக்கு விற்க வந்தால், கடைக்காரர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார். மதுரையில் கோவலன் நின்ற நிலையும் அதுதான். புகாரிலிருந்து வந்த புதியவன், கையில் மனைவி கண்ணகியின் ஒற்றைச் சிலம்பு, அறிந்தவர் எவருமில்லை. அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியிருந்த பொற்கொல்லனுக்குப் பழிபோட ஆள் கிடைத்துவிட்டது.

சிலப்பதிகாரம் என்றதும் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று பாண்டியன் விழுந்து உயிர்விடும் இடம்தான் நம் நினைவுக்கு வரும். அது 20ஆவது காதை, அதாவது அத்தியாயம். பழி கைமாறிய விதத்தைப் பார்க்க 16ஆவது காதைக்கு, கொலைக்களக் காதைக்குப் போகவேண்டும்.

அன்று அரசன் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடும் பெண்களிடம் அவன் மனம் போனது கண்டு ஊடிய அரசி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் போகும் வழியில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். திருடன் அகப்பட்டுவிட்டான் என்கிறான். அரசன் ஏன் விசாரிக்கவில்லை? 'வினைவிளை காலம்' என்கிறார் இளங்கோ. ஆனால் ஊழ்தான் காரணம் என்றால் அந்த ஊடலை இவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டியதில்லையே. சிலம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசி மனம் மாறுவாள் என்று அவன் நினைத்திருப்பான் என்றே நான் வாசிக்கிறேன். பொய் சொன்னவன் நேரம் பார்த்துச் சொன்னான்.

சிலம்பு அந்தத் திருடன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள். இதுதான் ஆணை. அது யாருடைய சிலம்பு என்று யார் பார்ப்பது? காவலரைக் கூட்டிப்போனவனே அந்தப் பொற்கொல்லன்தான்.

[திரையில்: காவலர் நடுவே கோவலன்]

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கோவலனைக் கண்ட காவலருக்கே கை எழவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரியவன் மாதிரி இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று அடுக்கிக் களவுக்கே ஒரு நூல் இருப்பதுபோல் கதைக்கிறான். அப்புறம் காவலரில் ஓர் இளைஞன், மழையிருட்டில் ஒரு திருடன் தன் வாளைப் பறித்து மறைந்த கதையைச் சொல்கிறான். கொல்லாவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான் என்ற பயமும் அவன் பேச்சில் இருக்கிறது. பொற்கொல்லன் தொடங்கிய வேலையை இப்போது அவர்களே தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான்.

தமிழ்த் தினப் போட்டிக்கு இதை நாடகமாகப் போடும் கொழும்புப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: நேரம் போதாது என்று அந்தக் காவலரை வெட்டிவிடாதீர்கள். தயங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களும் இணங்கிப்போனார்கள்.

சரி, பழியை யார் ஏற்றார்கள்? அரசன் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். அரசியும் உடன் இறந்தாள். மதுரையில் அவர்களுக்கு இடம் கொடுத்த ஆயர்குலப் பெண், ஒரு தப்பும் செய்யாத மாதரி, அடைக்கலமாக வந்தவர்களை இழந்தேன் என்று தீயில் விழுந்தாள். புகாரிலிருந்து அவர்களோடு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர்விட்டார். பொற்கொல்லன் வருந்தியதாக ஒரு வரிகூட இல்லை.

பிறகு கொற்கையிலிருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக 1,000 பொற்கொல்லர்களை ஒரே பகலில் பலியிட்டான். பொய் சொன்னவன் ஒருவன். மற்றவர்களுக்கு இந்தக் கொலையில் என்ன பங்கு? அரசனுக்கு இருந்த பங்குகூட அவர்களுக்கு இல்லை.