மெரிடித்தின் நோய்க்கதைக்கு விடை வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். ‘கிரேஸ் அனாட்டமி’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரில் ரசிகர்கள் இனி எதிர்பார்க்க வேண்டியது காதல் இணைகளின் சேர்க்கையா, தொடங்கி வைத்த நோய்க்கதையின் நிறைவா என்ற வினாவுக்கு, நோய்க்கதையின் நிறைவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

தொடரின் நாயகியான மருத்துவர் மெரிடித் கிரே தன் காதலர் நிக் மார்ஷை மணக்க வேண்டும், சூரிச்சுக்குப் போன அவளுடைய உயிர்த்தோழி கிறிஸ்டினா திரும்பி வர வேண்டும் என்றார் எதிரணித் தலைவர். அந்த ஆசைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2014இல் கிறிஸ்டினா விடைபெற்ற காட்சி இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது. ஆனால் 2005 மார்ச்சில் ஒளிபரப்பான முதல் அத்தியாயம் எங்கே போய் முடிகிறது? புகழ்பெற்ற அறுவை மருத்துவராக இருந்தும், இளவயதிலேயே தாக்கிய அல்சைமர் நோயால் பெற்ற மகளையே அடையாளம் காண முடியாத, மெரிடித்தின் தாய் எல்லிஸ் கிரேயின் முன்னால் போய் முடிகிறது. அந்த நோய் தனக்கும் வருமா என்ற மெரிடித்தின் அச்சம் அதன்பின் தொடரை விட்டு நீங்கவே இல்லை. ஏழாம் பருவத்தில், தலைமை மருத்துவரின் மனைவியும் அல்சைமர் நோயாளியுமான அடேல் வெப்பருக்குப் போலி மருந்துக்குப் பதிலாக உண்மையான மருந்து கிடைக்க வேண்டுமென்று மருந்து ஆய்வின் விதியை மீறி, மெரிடித் தன் வேலையையும் கணவன் டெரெக்கின் ஆய்வையும் இழக்கிறாள். ஒன்பதாம் பருவத்தில் மரபணுப் பரிசோதனையின் முடிவு பாதகமாக வருகிறது. பத்தொன்பதாம் பருவத்தில் அல்சைமர் ஆராய்ச்சியையும் முன்னிட்டுப் பாஸ்டனுக்குக் குடிபெயர்கிறாள்.

எதிரணியினர் பெரிதும் போற்றும் காதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மெரிடித்தும் டெரெக்கும் ஒரு சிறு ஒட்டுத்தாளில் உறுதிமொழி எழுதித் திருமணம் செய்துகொண்டபோது, தனக்கு அல்சைமர் வந்து அவனை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். தான் யார் என்று நாள்தோறும் நினைவூட்டுவதாக அவன் வாக்களிக்கிறான். அந்த டெரெக் பதினோராம் பருவத்தில், 2015இல், இறந்துபோனான். இனி நினைவூட்டப்போவது யார் என்ற கேள்விக்கு இன்னொரு திருமணக் காட்சி விடையாகாது, நடுவர் அவர்களே.

அதற்காக, ஒரே அத்தியாயத்தில் நோயைத் தீர்த்துவைக்கும் அதிசய மருந்தையும் நான் கேட்கவில்லை. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்து கூட, தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறதே தவிர, இழந்த நினைவை மீட்டுத் தருவதில்லை. நான் வேண்டுவது அந்த மெய்ந்நிலைக்குள் நடக்கும் கதை. மூத்த மகள் ஸோலா தத்துப்பிள்ளை. தாயின் மரபணு அவளுக்கு வராது. ஆனால் பாட்டியின் பெயரைச் சுமக்கும் இளைய மகள் எல்லிஸுக்கும், மகன் பெய்லிக்கும் அது வந்திருக்கக்கூடும். வயதுவந்த பிறகே தலைகாட்டும், தீர்க்க இயலாத நோய்களுக்குப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், வளர்ந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும் என்பது மருத்துவ அறத்தின் நிலைப்பாடு. அந்தப் பிள்ளைகள் அறிய விரும்புவார்களா, அறியாமலிருக்க விரும்புவார்களா என்பதை மெரிடித் ஒரு தாயாகக் காத்திருந்து பார்க்கும் பருவம் ஒன்று எழுதப்பட வேண்டும்.

இத்தனை துயரத்தை ரசிகர்கள் தாங்கமாட்டார்கள் என்று எதிரணியில் அடுத்துப் பேசுபவர் சொல்லக்கூடும். ‘ஈஆர்’ என்ற மற்றோர் அமெரிக்க மருத்துவத் தொடரில் முதன்மைப் பாத்திரமான மருத்துவர் மார்க் கிரீன் மூளைக்கட்டியால் 2002இல் இறந்தார். அதன் பிறகும் அத்தொடர் 2009 வரை ஓடியது. ஆகவே எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.