பத்தும் பறக்கும்: கல்வி வளர்ச்சி நாளில் பேசியது

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, கிளை நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் நேரத்தில் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, கதவோரம் நிற்கும் வார்டு உறுப்பினர் அவர்களே (யாராவது அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்களேன்), சால்வை வேண்டாம் என்று சொல்லியும் போர்த்திவிட்ட அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காமராசரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். எளிமை, கல்வி, பதவியை விட்டுக்கொடுத்த மனசு.

எளிமை உங்களுக்கே தெரியும். விருதுநகரில் அவர் அம்மா வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள் என்றும், இவர் அதைப் பிடுங்கச் சொன்னார் என்றும் எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். சரி, கல்விக்கு வருகிறேன்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோம். அந்தப் பத்தில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தோமா? ஔவையார் நல்வழியில் வரிசையாகச் சொல்கிறார். மானம், குலம், அதற்கு அடுத்தது கல்வி. மூன்றாவதாகப் பறப்பதே கல்விதான் ஐயா!

முதலமைச்சர் கார் ஒரு ரயில்வே கேட்டில் நிற்கிறது. சேரன்மாதேவிப் பக்கம் என்பார்கள். ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள், எங்கள் மாமா எங்கள் ஊர் என்றே சாதிப்பார். வெயில். கேட் திறக்கிற வழியாயில்லை. இவர் இறங்கி நிற்கிறார். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன், கோவணம், கையில் தொரட்டி. "ஏன்பா, பள்ளிக்கூடம் போகலையா?" பையனுக்கு இவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் பயந்து, போறேன்யா என்று சொல்லித் தொலைத்திருப்பான். நாட்டுக்கு ஒரு திட்டம் போயிருக்கும்! அவன் திருப்பிக் கேட்டான்: "போனா சோறு நீயா போடுவ?" டிரைவருக்கு வேர்த்துவிட்டதாம். இவர் கோபப்படவில்லை. "போட்டா போவியா?" என்றார். "போவேன்" என்றான். அதற்குள் ரயில் போய்விட்டது.

இந்தக் கதை எந்த அளவுக்கு நிசமோ. ஆனால் அவர் சிறு வயதில் படித்த சத்திரிய வித்தியாசாலையே வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடந்த பள்ளி. ஆறு வயதில் அப்பா போனார். கொஞ்ச வருஷத்தில் படிப்பும் போனது. 1954-இல் முதலமைச்சரானார், பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்ற குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் எட்டயபுரத்தில், பாரதி பிறந்த மண்ணில், மதிய உணவு. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பக்கத்தில் நின்றார். 1961-இல் ஈயத்தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். வீட்டில் கம்பங்கூழ், பள்ளிக்கூடத்தில் நெல்லுச்சோறு. வேறென்ன வேண்டும்?

பசி வந்தால் பத்தும் பறக்கும். தூரம் வந்தால் பதினொன்றாவதாகப் பிள்ளையும் நின்றுவிடும். இது நான் சேர்த்தது. ஒரு மைலுக்குள் ஆரம்பப்பள்ளி என்பது அவர் காலத்துக் கணக்கு. எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது ஒன்பது பிள்ளைகள். பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பக்கத்து ஊர் என்றால் நாலு வழிச்சாலைக்கு அந்தப் பக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை லாரிக்கு நடுவே தாண்டிப் போகுமா? வார்டு உறுப்பினர் அவர்களே, உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

தலைவர் மணி அடிக்கிறார். மூன்றாவது விஷயம், 1963-இல் அவர் பதவியை விட்டது, அடுத்த வருஷம் பேசலாம். எங்கள் ஊர்ப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் நானே வாங்கி வைத்திருக்கிறேன்; கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிடுங்கள்.