தனியாகச் சைக்கிளில் கூடாரப் பயணமா? பாம்பை விடுங்கள், எலியைப் பாருங்கள்!

[காட்சி: செம்பனைத் தோட்டம். மாலை வெயில். மரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள், இரண்டு பக்கமும் மூட்டை.]

இந்த இடத்தைப் பாருங்கள். தரை சமமாக இருக்கிறது. நல்ல நிழல். ரோட்டிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. ராத்திரி கூடாரம் போட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று தோன்றும்.

போடாதீர்கள். காரணத்தை வீடியோ கடைசியில் சொல்கிறேன் என்று இழுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: எலி.

வணக்கம். நான் நிற்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். 1948-இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். அது பெரிய கதை, வேறு வீடியோ. இன்றைக்கு விஷயம், இங்கிருந்து தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று வடக்கே போய், வழியில் கூடாரம் போட்டுப் படுத்து, உயிரோடு திரும்பி வருவது எப்படி?

வீட்டில் சொன்னதும் மூன்று கேள்வி வரும். பாம்பு கடித்தால்? திருடன் வந்தால்? மூன்றாவதைப் பாட்டி கேட்பார்: ராத்திரி அந்தப் பாலத்தடியில் அது நின்றால்? பேய்க்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதற்கு இருக்கிறது.

சரி, எலிக்கு வருவோம்.

[காட்சி: மரத்தடியில் சிதறிக் கிடக்கும் ஆரஞ்சு நிற உதிரிப் பழங்கள், மிக அருகில்.]

செம்பனைக் குலை பழுத்தால் பழம் உதிரும். குலையை வெட்டிக் கீழே தள்ளும்போதும் உதிரும். எண்ணெய்ச் சத்துள்ள பழம், வருஷம் முழுக்க, இலவசம். எலிக்கு வேறு என்ன வேண்டும்? குடியிருக்கவும் தோட்டமே இடம் கொடுக்கிறது. இந்த நிரையைப் பாருங்கள், ஆள் நடக்கச் சுத்தமாக இருக்கிறது. பக்கத்து நிரையில் வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கு உரமாகட்டும் என்று அப்படியே மக்க விடுவார்கள். அந்தக் குவியலுக்கு அடியில்தான் எலிக் குடும்பம்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வராமல் இருக்குமா? நாகம் வரும், மலைப்பாம்பு வரும். இங்குள்ள கருநாகத்தில் ஒரு வகை, கடிக்கும் முன்பே கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும். அப்படிப் பட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதோ, கம்பத்தின் மேலே ஒரு மரப்பெட்டி தெரிகிறதா? புறாக்கூடு இல்லை. அது ஆந்தை வீடு! தோட்ட நிர்வாகமே செலவு செய்து கட்டியது. கூகை ஆந்தை குடிவந்து எலியைப் பிடிக்கட்டும் என்று மலேசியத் தோட்டங்களில் பல வருஷமாக இப்படிப் பெட்டி வைக்கிறார்கள். ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது கணக்கு. முழுசாக விழுங்கிவிட்டு, எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். பெட்டிக்கு நேர் கீழே தேடினால் கிடைக்கும்.

[காட்சி: குச்சியால் பிரித்த சாம்பல் நிற உருண்டை. உள்ளே குட்டி மண்டையோடு, ஊசி மாதிரிப் பற்கள்.]

இந்த மண்டையோட்டைப் பாருங்களேன். நகத்தை விடச் சற்றுப் பெரிது. முன்பல் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. இதைப் பார்த்ததும் என் கேமராக்காரத் தம்பிக்குப் பசியாற மனசில்லை, அவன் பங்கு வடையும் எனக்கு வந்தது. நான் சொல்ல வந்தது இதுதான்: ஆந்தைப் பெட்டியைப் பார்த்தீர்கள் என்றால், அங்கே எலி நிறைய என்று தோட்டமே போர்டு மாட்டி வைத்த மாதிரி. அங்கே படுக்காதீர்கள்.

பாம்பைவிட எலிக்கு நான் அதிகம் பயப்படக் காரணம் அதன் மூத்திரம். எலிக்காய்ச்சல் கிருமி அதில் வரும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். காலில் ஒரு சின்னச் சிராய்ப்பு போதும், உள்ளே போய்விடும். சைக்கிள்காரன் காலில் சிராய்ப்பு இல்லாத நாள் உண்டா? காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதன் முக்கிய அடையாளம் என்ன தெரியுமா? கெண்டைக்கால் வலி! மலையேறி மிதித்துவிட்டு வந்தவனுக்குக் கெண்டைக்கால் வலித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், தோட்டத்தில் படுத்தேன், ஆற்றில் குளித்தேன்." நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

இது சும்மா மிரட்டல் இல்லை. 2010-இல் பகாங்கில் மாறான் அருகே லுபுக் யூ என்ற இடத்தில், மூழ்கியவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களில் சிலர் பிறகு காய்ச்சல் வந்து இறந்தார்கள். எலிக்காய்ச்சலோடு, மண்ணில் வாழும் இன்னொரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் அதில் சேர்ந்திருந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் எலிக்காய்ச்சல் கண்டால் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில் படுக்கலாமா? காற்றடித்தால் கிளை முறியும் மரம் அது. விடியும் முன்பே பாலுக்காக மரம் சீவ நெற்றி விளக்கோடு ஆள் வந்துவிடும். உங்களைப் பார்த்து அவர் பயப்படுவார், அவரைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள். டுரியான் தோப்பைக் கேட்கவே வேண்டாம். முள்ளோடு இரண்டு மூன்று கிலோ பழம், ராத்திரியில், கூடாரத்துத் துணி மேல். விழாவிட்டாலும் பழம் திருட வந்தவன் என்று தோப்புக்காரர் பிடித்துவிடுவார்.

அப்புறம் எங்கேதான் படுப்பது?

[காட்சி: தோட்டத்து மாரியம்மன் கோயில், தகரக் கூரை மண்டபம், ஓரத்தில் குழாய்.]

இங்கே. சாயங்காலம் நாலு மணிக்கு மிதிப்பதை நிறுத்துங்கள். இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை எழுதுங்கள். இந்தப் பக்கம் இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும். இருட்ட ஏழரை ஆகும். நாலு மணிக்கு நின்றால் இடம் விசாரிக்க நேரம் இருக்கிறது, ஒரு இடம் சரியில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போக வெளிச்சம் இருக்கிறது. ஏழு மணிக்கு நனைந்து, பசித்து, கால் நடுங்க நிற்பவன் எந்த இடத்தைப் பார்த்தாலும் "இது போதும்" என்பான். செம்பனைக்குள் போய் விழுவது அப்போதுதான்.

முதலில் ஒட்டுக்கடையில் ஒரு தே குடியுங்கள். கோயில் தலைவர் யார் என்று கேளுங்கள். "ஐயா, ஒரு ராத்திரி மண்டபத்து ஓரமாகப் படுத்துக்கொள்ளலாமா? காலையில் பெருக்கிவிட்டுப் போய்விடுகிறேன்" என்றால் போதும். "யாருப்பா நீ, எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா?" என்று விசாரணை நடக்கும். பதில் சொல்லுங்கள். அந்த விசாரணைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அரை மணி நேரத்தில் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் முழுக்க உங்கள் கதை தெரிந்துவிடும், ராத்திரி ஒரு நாய் குலைத்தாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். கோயில் இல்லாத ஊரில் சுராவ் என்ற சின்னத் தொழுகை இடம், அதுவும் இல்லை என்றால் போலீஸ் நிலையத்தில் கேளுங்கள். என் கருத்து இது, சண்டைக்கு வராதீர்கள்: ஒளிந்து படுப்பதைவிட ஊர் பார்க்கப் படுப்பது பத்திரம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டில் கேட்பவர்களிடம் "பின்னால் ரெண்டு பேர் வருகிறார்கள்" என்று சொல்லுங்கள், பொய் சொன்ன பாவம் என் கணக்கில் சேரட்டும். அன்றைக்குப் படுக்கும் இடத்தின் படத்தை மறுநாள் கிளம்பிய பிறகு போடுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் பேசி வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்குள் இருக்கும் இடத்தை அனுப்புவேன், வராவிட்டால் கூப்பிடு, காலை ஒன்பதுக்கும் சத்தம் இல்லை என்றால் அவசர எண் 999.

இடி. மின்னல் வெட்டி முப்பது வினாடிக்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். கூடாரம் இடியைத் தடுக்காது. தனி மரத்தடியும் வேண்டாம்.

அருவிக் கரை. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாறு இறங்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலை தழை மிதந்து வந்தால் பையை எடுக்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள்.

ரோடு. நெடுஞ்சாலையில் டோல் இருந்தால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய ரோடுதான். குலை ஏற்றிய லோரி வளைவில் பழத்தைச் சிந்திவிட்டுப் போகும். அது நசுங்கிய இடத்தில் பிரேக் பிடித்தால் சறுக்கும். பாராங் கத்தி வாங்க நினைக்கும் காசில் ஒரு பின்பார்வைக் கண்ணாடியும் பகலிலும் மின்னும் சிவப்பு விளக்கும் வாங்குங்கள். கத்தியைக் காட்டினால் லோரி ஒதுங்காது.

பாம்பு கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 999-ஐக் கூப்பிடுங்கள்.

[காட்சி: மஞ்சள் பலகையில் யானைப் படம்.]

கடைசியாகக் கிரிக் தாண்டி ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982-இல் திறந்தது. சுமார் 120 கிலோமீட்டர், காடும் ஏற்றமும், கடை குறைவு, பல இடத்தில் போன் கிடைக்காது. அந்தப் பலகை அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, நிஜமாகவே யானை ரோட்டைக் கடக்கும். சாணம் ஈரமாக இருந்தால் நில்லுங்கள், பின்னால் லோரி வரும்வரை காத்திருந்து அதை ஒட்டிக் கடந்து போங்கள். பொழுது சாய்ந்த பிறகு அங்கே சைக்கிளில் இருக்கவே கூடாது. ஏற்றம் முடியவில்லை என்றால் வருகிற லோரியைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளுங்கள், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் மண்டபமும் குழாயும் கழிப்பறையும் இருந்தால், சைக்கிள்காரர்களை விடுவார்களா என்று தலைவரிடம் கேட்டுவிட்டு ஊர் பெயரைக் கமெண்டில் போடுங்கள். கோலகங்சாரிலிருந்து கிரிக் வரைக்கும் ஒரு பட்டியல் தயார் பண்ணுகிறேன். லெங்கோங் பக்கத்து ஆள்கள் யாராவது இருக்கிறீர்களா?