கேசட் என்றாலே மந்தமாகத்தான் கேட்குமா?

அடுத்த கேள்வி விழுப்புரத்தில் இருந்து வந்திருக்கிறது. படித்துவிடுகிறேன். “அப்பா சேர்த்து வைத்த 60 கேசட்டுகள் பரணில் கிடந்தன. கேட்கலாம் என்று பழைய டெக் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாப் பாட்டும் கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி மந்தமாக இருக்கிறது. சிலவற்றில் பாட்டு இழுக்கிறது. 4 கேசட்டுகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கேசட் என்றாலே இப்படித்தானா? புதிய பிளேயர் வாங்கிவிடட்டுமா அண்ணா?”

தம்பி, அந்த டெக்கை விற்றுவிடாதீர்கள். கேசட் என்றாலே மந்தம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நம் வீடுகளில் கேட்டதெல்லாம் வருடக்கணக்கில் துடைக்காத டூ இன் ஒன்னில். அந்தச் சத்தம்தான் மனதில் தங்கிவிட்டது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு நாடாவில் இல்லை, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் இருக்கிறது.

முதலில் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஹெட்டையும், நாடாவை இழுக்கும் அந்த மெல்லிய இரும்புக் கம்பியையும் துடையுங்கள். கம்பிக்குப் பெயர் கேப்ஸ்டன். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள ரப்பர் உருளைக்கு மட்டும் லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

துடைத்த பிறகும் மந்தமாகவே இருந்தால், அஸிமத் பார்க்க வேண்டும், அதாவது நாடாவுக்கு ஹெட் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கேசட்டுகளுக்கு இதுதான் முக்கியம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. லூ ஒட்டென்ஸ் தலைமையிலான குழு உருவாக்கியது. கையடக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இசைக்கான தரம் எல்லாம் பின்னால் வந்தது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது ஜால்ரா, சலங்கை இவற்றின் கணீர் என்ற பகுதி, நாடாவில் ஓர் அலைக்கு வெறும் 4.76 மைக்ரான் இடத்தில்தான் பதிந்திருக்கும். ஹெட்டில் உள்ள இடுக்கு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஸ்டீரியோவில் ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். இதில் ஹெட் அரை டிகிரி சாய்ந்தாலே போதும், அந்த 10,000 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். நாடாவில் அது பத்திரமாக இருக்கும், ஹெட்டால் படிக்க முடியாது.

அப்பாவின் 60 கேசட்டுகளில் பாதியாவது ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, 60 நிமிடமா 90 நிமிடமா என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவோமே, அந்தக் கேசட்டுகள். அந்தக் கடையின் மெஷினில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அந்தச் சாய்விலேயே பாட்டும் பதிந்திருக்கும். உங்கள் டெக் ஒழுங்காக இருந்தாலும் அதற்குப் பொருந்தாது. இந்தத் தொல்லைக்காகவே நாகமிச்சி நிறுவனம் 1982-இல் டிராகன் என்று ஒரு டெக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஏற்றபடி அது ஹெட்டைத் தானே திருப்பிக்கொள்ளும். நம் டெக்கில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

ஹெட்டின் இரண்டு பக்கமும் திருகு இருக்கும். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலும் அதன் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்திருப்பார்கள். இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பிளிஃபயரில் இடது, வலது சத்தத்தை ஒன்றாக்கும் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பாட்டு ஓடும்போதே, காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூ டிரைவரால் துளித்துளியாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள்ளேயே சத்தம் திறந்துகொள்வது பெரும்பாலும் நடக்கும். அந்த டெக்கில் புதிதாக எதையாவது பதிவதாக இருந்தால் மட்டும் திருகை மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

என் பெரியப்பா குவைத்தில் வேலை பார்த்தார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அவர் இறந்து பல வருடம் கழித்து ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். குரல் வந்தது, ஆனால் வாயில் துணியை வைத்துப் பேசுவது போல் இருந்தது. பேசிப் பதிந்த கேசட் மோனோ, அதில் தடம் இன்னும் அகலம், அதனால் சின்னச் சாய்வே பெரிய நஷ்டம். திருகை நூலளவு திருப்பினேன். முதலில் ‘ச’வும் ‘ஸ’வும் வந்தன. “சரசு, சௌக்கியமா” என்று அவர் பெரியம்மாவைக் கேட்டது தெளிவாக விழுந்தது. பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம்கூட வந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடி போட்டேன். அப்பாவின் பெட்டியில் இப்படிப் பேசிய கேசட் ஏதாவது இருந்தால், பாட்டுக் கேசட்டை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் கணினியில் ஏற்றுங்கள். பாட்டு வேறு எங்காவது கிடைக்கும்.

அப்புறம் டால்பி, அதாவது நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி. டெக்கில் டால்பி பட்டன் அமுங்கி இருக்கிறதா பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால் மந்தமாகத்தான் இருக்கும். அட்டையில் அந்த இரட்டை ‘டி’ முத்திரை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு கேசட் மட்டும் மந்தமாக இருந்தால், நடுவில் உள்ள சின்னக் கம்பளித் துண்டு விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள். பசை காய்ந்து விழுந்துவிடும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான்.

பாட்டு இழுப்பது பெரும்பாலும் பெல்ட். ரப்பர் தளர்ந்திருக்கும், சிலவற்றில் தார் மாதிரி உருகிக்கூடப் போயிருக்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய பெல்ட்டைக் காட்டினால் அளவு பார்த்துத் தருவார்கள். உங்களுக்குச் சிலவற்றில் மட்டும் இழுப்பதால் கேசட்டே இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அவற்றை ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் போடுங்கள். 120 நிமிடக் கேசட் இருந்தால் இதில் ஜாக்கிரதை, நாடா ரொம்ப மெல்லிசு, சிக்கிக்கொள்ளும்.

புதிய பிளேயர் வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது விற்கும் மலிவான பிளேயர்களில் அநேகமாக எல்லாமே தனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஒரே பழைய இயங்குபொறியின் நகல்கள். பிளாஸ்டிக் அதிகம், வேகம் நிலையாக நிற்காது, டால்பியும் இருக்காது. பெல்ட் மாற்றிய உங்கள் பழைய டெக் அதைவிட எவ்வளவோ மேல்.

அந்த 4 கேசட்டுகளில் இருப்பது பூஞ்சை. அதைத் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். மற்ற 56-ல் இருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து நாடாவைச் சுத்தம் செய்வதை அடுத்த வாரம் கேமரா முன்னாலேயே செய்து காட்டுகிறேன். முகக்கவசம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது.