மானூர்க் கல்லும் அமெரிக்க செனட்டும்

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினால் வழியில் மானூர். அங்கே அம்பலவாண சுவாமி கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்து, வயது சுமார் 1,200 வருஷம். ஊர்ச்சபையில் யார் பேசலாம் என்று மகாசபை கூடி எழுதிவைத்த விதி அது. நிலப்பங்கு வேண்டும், சாஸ்திரம் படித்திருக்க வேண்டும், நடத்தை சரியாக இருக்க வேண்டும். பிராமணர் சபைதான், வயலில் உழுதவருக்கு அங்கே இடமில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் பொறுப்பில் உட்காருகிறவருக்குத் தகுதி என்ன என்பதை எல்லாரும் பார்க்கும்படி கல்லில் வெட்டினார்களே, அது பெரிய காரியம்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே அமைச்சர், தூதர், உச்ச நீதிமன்ற நீதிபதி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு ஜனாதிபதி பெயர் சொல்லலாம், அவ்வளவுதான். அங்குள்ள நாடாளுமன்றத்தின் மேலவையான, 100 பேர் கொண்ட செனட் சம்மதிக்க வேண்டும். பெயர் சொல்லப்பட்டவரின் சொத்து, வரி, பழைய வாழ்க்கை எல்லாவற்றையும் துருவுவார்கள். அப்புறம் விசாரணை. உறுப்பினர்கள் மேடையில் வரிசையாக இருப்பார்கள். கீழே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தண்ணீர் டம்ளர். அவர் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, மணிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுத் திண்ணையிலிருந்து டிவியில் யாரும் பார்க்கலாம்.

1989-இல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), பாதுகாப்பு அமைச்சராக ஜான் டவரைச் சொன்னார். டவர் இருபது வருஷத்துக்கும் மேலாக அதே செனட்டில் இருந்தவர். கேட்டவர்களெல்லாம் பழைய சகாக்கள். மதுப்பழக்கத்தைப் பற்றியும் ஆயுதக் கம்பெனிகளோடு இருந்த தொடர்பைப் பற்றியும் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் 47-க்கு 53 என்று தோற்றார். கூடப் பழகியவராயிற்றே என்ற தாட்சண்யத்தால் கேட்காமல் விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் இதே முறைக்கு ஒரு நோயும் உண்டு. 2023-இல் படைத்துறையின் ஒரு கொள்கை பிடிக்கவில்லை என்று அலபாமா செனட்டர் ஒருவர், 400-க்கும் மேற்பட்ட ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வை மாதக்கணக்கில் தடுத்து வைத்தார். அந்த அதிகாரிகள் என்ன பாவம் செய்தார்கள்? மானூர்க் கல் இதற்கும் மருந்து சொல்கிறது. சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று, அன்று', அதாவது 'இல்லை, இல்லை' என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம்!

சரி, நம் கதை? ஆளுநர், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தேர்தல் ஆணையர், எல்லா ஆணையிலும் குடியரசுத் தலைவர் கையெழுத்துதான். ஆனால் எந்தப் பெயரும் நாடாளுமன்றத்தின் சம்மதத்துக்கு வருவதில்லை. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் ஷிப்பன் லால் சக்சேனா, தேர்தல் ஆணையர் நியமனத்துக்கு இரு அவைகளின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று கேட்டார். ஏற்கப்படவில்லை, நாடாளுமன்றம் பின்னால் சட்டம் போடட்டும் என்று விட்டார்கள். அந்தச் சட்டம் வர 2023 ஆனது. தேர்வுக் குழுவில் பிரதமர், அவர் சொல்லும் ஓர் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். மூன்றில் இரண்டு ஓட்டு ஆளும் தரப்பில். பெயர் வரப்போகிறவரிடம் நம் காதில் விழ ஒரு கேள்விகூட இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு பகல். நம் ஓட்டை எண்ணப்போகிறவர் நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் ஒரு மேசையில் வந்து உட்காரட்டும். கட்சி பேதமில்லாமல் கேட்கட்டும்; மானூரில் டீக்கடை வைத்திருப்பவரும் டிவியில் பார்க்கட்டும். முப்பது நாளுக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று கெடுவும் வைக்கட்டும். முன்வரிசைப் பிள்ளைகளே, அவரிடம் கேட்க உங்களுக்கு என்ன கேள்வி இருக்கிறது? நோட்டைத் திறந்து எழுதுங்கள், இப்போதே வாசிப்போம்.