மூன்று சீட்டுகளிலும் இல்லாதது

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து மூன்று மருந்துச் சீட்டுகளை எடுத்து என் மேசைமேல் பரப்பினார். சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. எழுதியவர்களும் மூன்று பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வல்லம் கவிழ்ந்து, கூட வந்த மச்சானைப் பறிகொடுத்து, இரவு முழுவதும் காலிக் கேனைப் பிடித்து மிதந்து கரைசேர்ந்தவர் அவர் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

கரையில் வலை பின்னுவார், ஐஸ் பெட்டி சுமப்பார். படகில் மட்டும் கால் வைக்கமாட்டார். இரவில் எஞ்சின் சத்தம் கேட்டால் வியர்த்து எழுந்துவிடுவார். பிறகு குடித்தால்தான் கண் மூடும். பயந்துவிட்டார் என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கட்டட்டும், நான் அதைத் தடுப்பதில்லை. மருத்துவத்தில் இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-இல்தான் இப்பெயர் ஏறியது; 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து பிழைத்து வந்தவர்களின் நடுக்கத்துக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, பயத்தைப் பிறகு பார்க்கலாம்' என்று திருப்பியனுப்புவது நெடுநாள் வழக்கம். பயத்தை அடக்கத்தான் குடிக்கிறார் என்னும்போது அது நடக்கிற காரியமா? இரண்டுக்கும் ஒருசேரச் சிகிச்சை தரலாம், தரவும் வேண்டும். ஆனால் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும். சில தூக்க மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். இந்த மனஅழுத்தக் கோளாறுக்குத் தரப்படும் செர்ட்ராலின் என்ற மருந்தை, இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் உட்கொண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பதால், மனத்தை விட்டுவிட்டு அவற்றுக்கான மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே எல்லாச் சீட்டுகளையும் எல்லா மருத்துவரிடமும் காட்டுங்கள். நேரில் வரத் தயங்குபவர்கள் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையைவிட அவருக்கு மெதுவாகவும் ஆழமாகவும் உதவியது பேச்சுச் சிகிச்சை. அந்த இரவை வாரந்தோறும் நடந்தது நடந்தபடி சொல்ல வைத்தோம். முதலில் கரையேற்றிய வல்லத்தின் அருகில் நிற்பது, பிறகு அதைத் தொடுவது என்று போனோம். சென்ற மாதம் நங்கூரமிட்டிருந்த வல்லத்தில் ஏறி, அரைமணி நேரம் அதன் முன்பகுதியான அணியத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கினார். அவருடைய சர்க்கரைச் சீட்டில் இப்போது அந்த இரவைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது.